வலென்சியாவின் சந்தைச் சதுக்கம்: கோட்டை வாசலுக்கு வெளியே பிறந்த இடம்

கேள்வி இது: ஸ்பெயினில் மத்ரித், சாலமான்கா போன்ற ஊர்களின் நடுவே நாற்புறமும் ஒரே சீரான மாளிகைகள் சூழ்ந்த அழகான பெருஞ்சதுக்கம் இருக்கிறது. பழம்பெரும் நகரமான வலென்சியாவின் சந்தைச் சதுக்கம் மட்டும் ஏன் கோணல்மாணலாக, ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் கிடக்கிறது? அங்கே இருக்கும் பட்டுச் சந்தையும் மத்தியச் சந்தையும் ஒன்றா, வேறா?

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டும் வேறு வேறு. எதிரெதிரே நிற்பதாலும், இரண்டையும் நாம் ‘சந்தை’ என்றே மொழிபெயர்ப்பதாலும் வரும் குழப்பம் அது. ஒன்று வணிகர்கள் பேரம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளக் கட்டிய கல் மண்டபம். அதன் பெருங்கூடம் 1498இல் முடிந்தது. மற்றொன்று கத்தரிக்காயும் மீனும் விற்கிற, இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன கட்டடம், 1928இல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே 430 ஆண்டுகள்.

முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மத்ரித்தின் பெருஞ்சதுக்கம் 1617 தொடங்கி இரண்டே ஆண்டுகளில் எழுப்பப்பட்டது. சாலமான்காவின் சதுக்கம் 1729இல் தொடங்கி 1755இல் முடிந்தது. இரண்டுக்கும் முதலில் வரைபடம் வந்தது, பிறகு கல் வந்தது. வலென்சியாவில் யாரும் வரைபடம் போடவில்லை. அங்கே முதலில் வந்தது கூட்டம்.

பழைய நகரத்துக்கு வடக்கே ஓடிய தூரியா ஆற்றின் பழைய கிளை ஒன்று ஒரு காலத்தில் இந்தப் பகுதி வழியாகச் சென்றது. அந்தத் தாழ்வான நிலம் கோட்டை மதிலுக்கு வெளியே இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியாளர்கள் கட்டிய மதிலில் போவதெயா என்று ஒரு வாசல். அதைத் தாண்டினால் புறநகர்க் குடியிருப்பு. நாட்டுப்புறத்திலிருந்து காய்கறியும் தானியமும் ஏற்றி வருகிறவன் வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே கடைவிரிக்க ஏற்ற இடம் அது. சதுக்கத்தின் வளைந்த வடிவத்தைப் பார்க்கும்போது பழைய நீரோட்டத்தையும் மதிலின் ஓரத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தக் கோணலுக்கு அர்த்தம் புரியும்.

1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாவ்மே நகரத்தைக் கைப்பற்றினார். மசூதிகள் தேவாலயங்களாயின; நிலங்கள் புதிதாக வந்தவர்களுக்குப் பங்கிடப்பட்டன. ஆனால் சந்தை நடத்தும் முறையில் மட்டும் புதியவர்கள் பழையதைத் தூக்கி எறியவில்லை. இஸ்லாமிய நகரங்களில் ‘முஹ்தசிப்’ என்று ஓர் அதிகாரி இருப்பார். தராசு, படி, முழம் எல்லாம் சரியா, ரொட்டி எடை குறைகிறதா, மீன் கெட்டுப்போனதா என்று பார்ப்பது அவர் வேலை. அதே பதவியை, அதே சொல்லை வலென்சியாவின் கிறித்தவ ஆட்சி எடுத்துக்கொண்டது. வாயில் புரண்டு புரண்டு அது ‘முஸ்தசாஃப்’ ஆனது. மதம் மாறிய ஊரில் தராசு மாறவில்லை. இந்தச் சதுக்கத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் முன்பின் பழக்கம் இல்லாத இடத்தில் நம்பிக்கையை யாராவது உட்கார்ந்து காவல் காக்க வேண்டும் என்பதை ஜெயித்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

1356இல் கட்டத் தொடங்கிய புதிய மதில் சந்தையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஊருக்கு வெளியே இருந்த இடம் ஊருக்கு நடுவில் வந்துவிட்டது. ஆனால் அதன் இயல்பு மாறவில்லை. மன்னர் வந்தால் வரவேற்பு இங்கே, குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டி இங்கே, காளை விளையாட்டு இங்கே, தூக்குமரமும் இங்கே. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்டனையைக் காட்டினார்கள்.

இனி அந்தக் கல் மண்டபம். ஸ்பானிய மொழியில் ‘லோன்ஹா’, வலென்சிய மொழியில் ‘யோட்ஜா’. 15ஆம் நூற்றாண்டு வலென்சியாவின் பொற்காலம். மத்தியதரைக் கடல் வணிகத்தில் பார்சிலோனாவை முந்திக்கொண்டு முன்னேறிய காலம். ஜெனோவாவிலிருந்து வந்த நெசவாளர்கள் வெல்வெட் நெய்யும் கலையைக் கொண்டுவந்தார்கள். 1479இல் வெல்வெட் நெசவாளர்களின் சங்கத்துக்கு விதிமுறைகள் எழுதப்பட்டன. சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் குடியிருந்த வட்டாரம் இன்றும் ‘வெயுதேர்ஸ்’ என்று அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. இவ்வளவு வணிகம் நடக்கும்போது பழைய சிறு மண்டபம் போதவில்லை. நகர மன்றம் சந்தைக்கு எதிரே இருந்த வீடுகளை வாங்கி இடித்து, 1482இல் புதிய மண்டபத்துக்கு வேலையைத் தொடங்கியது. தலைமைக் கல்தச்சர் பெரே கொம்ப்தே.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது தூண்கள். மொத்தம் 24, எட்டு தனித்து நிற்பவை, பதினாறு சுவரோடு ஒட்டியவை. ஒவ்வொன்றும் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல அடியிலிருந்து முறுக்கிக்கொண்டே மேலே போகிறது. பொதுவாகத் தூண் உச்சியில் போதிகை என்று ஒன்று இருக்கும். தூணும் கூரையும் சந்திக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். இங்கே அது இல்லை. முறுக்கின் இழைகளே பிரிந்து, தென்னை மட்டைபோல விரிந்து, 17 மீட்டருக்கும் மேலே கூரையாகிவிடுகின்றன. தூண் எங்கே முடிந்தது, கூரை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. கல்லை இப்படி வளைக்க வெறும் கைத்திறன் போதாது. ஒவ்வொரு துண்டின் கோணத்தையும் வெட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். பெரே கொம்ப்தேயின் பெருமை அந்தக் கணக்கில் இருக்கிறது.

தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சுவரின் மேற்பகுதியில், கருமையான பட்டையில், பொன்னிற எழுத்துகள் நான்கு பக்கமும் சுற்றி ஓடுகின்றன. லத்தீன் மொழி. அதன் கருத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: “பதினைந்து ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்ட புகழ்பெற்ற மனை நான். ஊராரே, வந்து பாருங்கள். பேச்சில் வஞ்சகம் இல்லாத, அயலானுக்குச் செய்த சத்தியத்தை மீறாத, பணத்தை வட்டிக்கு விடாத வணிகம் எவ்வளவு நல்லது! இப்படி வாழும் வணிகர் செல்வத்தில் திளைப்பார். முடிவில் நிலையான வாழ்வையும் அடைவார்.”

இதை வெறும் அலங்காரம் என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கூடத்தில் நின்றவர்கள் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாதவர்கள். ஒருவர் ஜெனோவாக்காரர், ஒருவர் ஃப்ளோரன்ஸ்காரர், ஒருவர் காஸ்தீலிலிருந்து வந்த கம்பளி வணிகர். சரக்கு இன்னும் கப்பலில் இருக்கும். விலை இங்கே முடிவாகும். கையில் இருப்பது பேச்சு மட்டும்தான். வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று சொன்ன காலம் அது. பணமே தொழிலாக நடந்த இடத்தில் அந்த வரியைத் தலைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிக்கொள்ள ஊராருக்குத் துணிவு இருந்திருக்கிறது.

வாக்கை நம்பியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. கூடத்தை ஒட்டி நிற்கும் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் வழிபாட்டறை. மேல்தளங்களில், கடனை அடைக்காத வணிகர்களை அடைத்து வைக்கும் சிறை. இன்னொரு பக்கம் கடல் வணிக வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம். 1283இலேயே வலென்சியாவுக்கு அந்த உரிமை கிடைத்திருந்தது. வணிகர் வழக்கை வணிகரே விசாரித்து, இழுத்தடிக்காமல் தீர்த்து வைப்பார்கள். இந்தப் பக்கத்தின் மேல்தளத்தில் இப்போது இருக்கும் பொன்முலாம் பூசிய மரக்கூரை இங்கே பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டில் நகர மன்றத்துக்காகச் செதுக்கியது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மன்றம் இடிபட்டபோது துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்து, 20ஆம் நூற்றாண்டில் இங்கே பொருத்தினார்கள். கழற்றியவர்கள் அதை விறகாக்கிவிடாமல் காத்தார்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

வெளியே வந்து சுவர் உச்சியைப் பார்த்தால், நம் கோயில் கோமுகம்போல மழைநீரைக் கொட்டும் கல் உருவங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விலங்குகள், பூதங்கள், அத்தோடு வெட்கத்தை விட்ட மனித உருவங்கள் சிலவும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் சில கேள்விகளுக்குத் தயாராக இருப்பது நல்லது.

நகரமே பொறுப்பேற்று நடத்திய வைப்பு வங்கி ஒன்றும் வலென்சியாவில் 1407இலேயே தொடங்கியது. ‘தாவ்லா தெ கான்விஸ்’ என்று பெயர். பணமாற்று மேசை என்று பொருள். தனி ஆள் ஓடிப்போவான், நகரம் ஓடிப்போகாது என்பதுதான் அதன் அடிப்படை. நடுவில் சிலகாலம் மூடப்பட்டு மறுபடி தொடங்கிய அந்த மேசை, பிறகு லோன்ஹாவுக்குள்ளேயே இடம்பெற்றது.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1609இல் மோரிஸ்கோக்கள், அதாவது கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள், நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வலென்சிய அரசின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள். வயலில் உழைத்தவர்கள் போனால் சந்தைக்கு என்ன வரும்? ஸ்பெயின் அரியணைக்கான வாரிசுப் போரில், 1707இல் அல்மான்சாவில் வலென்சியா ஆதரித்த தரப்பு தோற்றபின் அதன் பழைய சட்டங்களும் உரிமைகளும் பறிபோயின. லோன்ஹாவைச் சிப்பாய்கள் தங்கும் கொட்டடியாக்கினார்கள். முறுக்குத் தூண்களுக்கு நடுவே படுக்கை விரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டு மறுபடி தழைத்தது. ஆயிரக்கணக்கில் தறிகள் ஓடின. ‘பட்டு லோன்ஹா’ என்ற பெயர் நிலைத்துப்போனதற்கு அந்தச் செழிப்பே காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுக்களுக்குக் கொள்ளைநோய் வந்து ஐரோப்பா முழுக்கப் பரவியபோது அதுவும் போயிற்று. விவசாயிகள் முசுக்கட்டை மரங்களைப் பிடுங்கிவிட்டு ஆரஞ்சு நட்டார்கள். இன்று உலகம் அறிந்த வலென்சியா ஆரஞ்சுத் தோட்டங்கள் பலவற்றுக்கு அடியில் பழைய பட்டின் வேர் கிடக்கிறது.

மூன்றாவது கட்டடத்தை இன்னும் சொல்லவில்லை. சந்தையின் ஓரத்தில் சாந்தோஸ் ஹுவானெஸ் தேவாலயம்: திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான் என்ற இரண்டு யோவான்களுக்கும் சேர்த்துக் கட்டியது. மசூதி இருந்த இடத்தில் எழுந்து, பலமுறை தீக்கிரையாகி, பலமுறை திரும்பக் கட்டப்பட்டது. சந்தையைப் பார்த்திருக்கும் முகப்பின் கீழே, மேடைக்கு அடியில், பாதி பூமிக்குள் புதைந்ததுபோலச் சின்னச் சின்னக் கடைகள் வரிசையாக இருந்தன. ஊரார் அவற்றைக் ‘குகைகள்’ என்றார்கள். பழைய இரும்பும் தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கே விற்றன. மேலே வழிபாடு, கீழே வியாபாரம். நடுவில் ஒரே ஒரு கல்தளம்.

அந்தத் தேவாலயத்தின் உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக ஒரு பறவை உண்டு. உண்மையில் அது நற்செய்தியாளர் யோவானின் சின்னமான கழுகு. ஊர் மக்கள் அதை ‘பர்தால்’, அதாவது குருவி என்கிறார்கள். அந்தக் குருவியைச் சுற்றி ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது.

வடமேற்கே மலைப்பாங்கான அரகோன் ஊர்களில் பஞ்சம். பிள்ளைக்குச் சோறு போட முடியாத தகப்பன் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நடந்து வலென்சியா சந்தைக்கு வருவான். கூட்டத்தின் நடுவே நின்று, “மேலே பார்டா, அந்தக் குருவியை. காற்றில் எப்படித் திரும்புகிறது பார்” என்பான். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். குனிந்து பார்க்கும்போது அப்பா இருக்கமாட்டார். பையன் அழுவான். யாராவது ஒரு துணிக்கடைக்காரரோ மளிகைக்காரரோ இரக்கப்பட்டு உள்ளே அழைத்து, வயிற்றுக்குப் போட்டு, எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்வார். இப்படி அழுதுகொண்டு தொடங்கி, பின்னாளில் அந்தச் சதுக்கத்திலேயே சொந்தக் கடை வைத்தவர்கள் உண்டு என்று கதை முடியும்.

நூறு பேருக்கு நடந்ததோ ஒருவருக்கு நடந்ததோ, ஊர் இதை மறக்காமல் வைத்திருக்கிறது. எதிரே லோன்ஹாவின் சுவரில் ‘கொடுத்த சத்தியத்தை மீறாதே’ என்று பொன்னெழுத்து. இந்தப் பக்கம், பிள்ளைக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்ற முடியாத தகப்பன். அவனை வஞ்சகன் என்று எவரும் சொல்வதில்லை. சந்தையில் விட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பித்தான் விட்டுப்போனான். முன்பின் தெரியாத கூட்டத்தின் மேல் அவன் வைத்த நம்பிக்கைக்கு எந்த ஒப்பந்தமும் ஈடாகாது.

அதே சதுக்கம் கொடுமையும் கண்டது. காயெத்தானோ ரிப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். முன்பு போர்வீரராக இருந்து பிரான்சில் கைதியாகக் கிடந்தவர். அங்கிருந்து கடவுள் உண்டு, ஆனால் திருச்சபையின் சடங்குகள் வேண்டியதில்லை என்ற கருத்தோடு திரும்பினார். மாணவர்களைத் திருப்பலிக்கு அழைத்துப் போகவில்லை. வகுப்பில் ‘மரியே வாழ்க’ என்பதற்குப் பதில் ‘கடவுளுக்குப் புகழ்’ என்று சொல்ல வைத்தார். இதுதான் குற்றம். பேராயரின் விசுவாச மன்றம் அவரை விசாரித்தது. 1826 ஜூலை 31 அன்று இந்தச் சந்தைச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். எரித்துக் கொல்லும் பழைய வழக்கத்தின் அடையாளமாக, தீச்சுவாலை வரைந்த பீப்பாய் ஒன்றைத் தூக்குமரத்தின் கீழே வைத்தார்கள். திருச்சபைக்கு மாறான கருத்துக்காக ஸ்பெயினில் மரண தண்டனை பெற்ற கடைசி மனிதர் அவர். சதுக்கத்தின் அழகைப் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்த பத்தாண்டில் அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது. சதுக்கத்தை ஒட்டியிருந்த மகதலேனா கன்னியர் மடம் இடிபட்டு, அந்த இடத்தில் 1839இல் ‘புதுச் சந்தை’ திறந்தவெளியில் அமைந்தது. அதுவும் போதாமல் போனது. வெயிலுக்கு விரித்த துணிப்பந்தல்கள் சதுக்கம் முழுக்கப் பரவின. கூரையுள்ள பெரிய சந்தை வேண்டும் என்று 1914இல் வேலை தொடங்கினார்கள். வரைந்தவர்கள் அலெக்சாந்த்ரே சொலேர் இ மார்க், ஃபிரான்செஸ்க் குவார்தியா இ வியால் என்ற இரு கட்டடக்கலைஞர்கள். பதினான்கு ஆண்டுகள் இழுத்து, 1928 ஜனவரியில் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ திறந்துவைத்தார்.

எட்டாயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. நடுவில் 30 மீட்டர் உயரக் குவிமாடம். இரும்புச் சட்டம், வண்ணக் கண்ணாடி, ஆரஞ்சும் காய்கறியும் தீட்டிய பீங்கான் ஓடுகள். உள்ளூர் ஓட்டுக் கைவினை இந்தக் கட்டடத்தில் இருப்பதுபோல வேறு சந்தைக் கட்டடத்தில் நான் கண்டதில்லை. உச்சியில் திசைகாட்டியாக ஒரு பச்சைக்கிளி. சந்தை என்றாலே ஓயாத பேச்சுதானே, அதற்காகக் கிளி. எதிரே தேவாலயத்துக் குருவி. இரண்டும் காற்றடிக்கும்போது ஒன்றை ஒன்று பார்த்து ஊர்வம்பு பேசுகின்றன என்று வலென்சியாக்காரர்கள் சொல்வார்கள்.

1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தேவாலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 1700ஐ ஒட்டி அந்தோனியோ பலோமினோ அதன் கூரை முழுக்கத் தீட்டியிருந்த ஓவியங்கள் கருகின. அவற்றை மீட்கும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. லோன்ஹா தப்பியது. 1996இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எதிரே மத்தியச் சந்தையின் கடைக்காரர்கள் கணினி வழியே ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மத்தியச் சந்தையில் கடைகளைக் கட்டிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. மீன் பகுதியில் பக்கத்து அல்புஃபேரா ஏரியின் விலாங்குமீன் கிடைக்கும். காய்கறிப் பக்கம் ‘கர்ரொஃபோ’ என்ற அகலமான வெள்ளை மொச்சையைக் கேளுங்கள். அது இல்லாத பயெயாவை, அதாவது தங்கள் ஊர்ச் சோற்று உணவை, வலென்சியாக்காரர்கள் பயெயா என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எடை போடும்போது தராசைப் பாருங்கள், முஸ்தசாஃப் நினைவுக்கு வருவார். பிறகு தெருவைக் கடந்து லோன்ஹாவுக்குள் போய், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பொன்னெழுத்துகளோடு நான்கு சுவரையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாருங்கள்.